கணுக்கால் தசைநாணும் காந்தப் படமும்

(பட்டினப்பாக்கத்தில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மேடையில் கல்வி, உபகாரச் சம்பளம், விவாகச் செலவைக் குறைத்தல் முதலிய பெரிய விஷயங்களே பேசப்பட்டு வருகின்றன. இன்று கணுக்காலைப் பற்றிப் பேசுமாறு நமக்குக் கட்டளை பிறந்திருக்கிறது. தலைக்கு உரிய மேடையில் காலுக்கு என்ன வேலை என்று எவரேனும் நகைப்பாராயின், அவருக்கு நாம் கூறும் விடை இது: குடும்பத்தைத் தாங்குகிறவர் எவரோ அவரைத் தாங்குவது அவருடைய கால். அது ஆறு மாதம் ஓய்ந்தால் அவர் வீட்டு அடுப்பும் ஆறு மாதம் ஓயும்.

நாம் சொல்லப் புகுவது நீண்ட சாஸ்திரமன்று. ஒரே ஒரு செய்தி. கணுக்கால் பிசகி, ஆஸ்பத்திரிக்குப் போய், எக்ஸ்ரே படம் எடுத்து, "எலும்பு முறியவில்லை" என்று டாக்டர் சொல்லக் கேட்டால், நாம் தெய்வத்துக்கு வந்தனம் சொல்லி வீடு திரும்புகிறோம். அந்த வார்த்தை எலும்பைப் பற்றிய தீர்ப்பேயன்றிக் காலைப் பற்றிய தீர்ப்பு அன்று. எலும்பு முறியாமலே கால் உதவாது போவதுண்டு. அங்ஙனம் போகும் வகையையும், அதைக் கண்டறியக் காந்தப் படம் எவ்வளவு தூரம் துணை செய்யும் என்பதையும் இன்று சுருங்கச் சொல்லுவோம்.

இப் பட்டினப்பாக்கத்துக் கரையில் வாழும் நமக்கு இவ்விஷயம் புறம்பானதன்று. ஈர மணலில் காலை ஊன்றிப் படகைத் தள்ளுகிறவர்களும், கரைவலை இழுக்கிறவர்களும், மீன்கூடையைச் சுமந்து தெருத்தெருவாக நடக்கும் தாய்மார்களும் நம்மிடையே இருக்கின்றனர். வாரம் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருந்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் பந்து விளையாட ஓடிவரும் உத்தியோகஸ்தர்களும் இருக்கின்றனர். மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் பரதம் பயிலும் நம் பெண்மக்கள் நாள்தோறும் தரையை மிதித்துக் காலைப் பழக்குகின்றனர். இவர்களில் யாருக்குக் கால் மடங்கினாலும் நம் வீடுகளில் உடனே வரும் சொல் 'சுளுக்கு' என்பதே. எண்ணெய் காய்ச்சி உருவிவிடுவதும், கட்டுப் போடுவதும், நாலு நாளில் சரியாகிவிடும் என்று தேற்றுவதும் வழக்கம். பெரும்பாலான சுளுக்குகள் அங்ஙனம் சரியாகியும் விடுகின்றன. சரியாகாத சிலவற்றைப் பற்றியதே நம் பேச்சு.

முதலில் கணுக்காலின் அமைப்பைச் சற்று நோக்குவோம். எலும்பை எலும்போடு பிணைக்கும் நார் ஒன்று. அதனை டாக்டர்கள் லிகமெண்ட் என்பர். தசையை எலும்போடு பிணைக்கும் நாண் மற்றொன்று. அதனை டெண்டன் என்பர், தமிழில் தசைநாண் என்பர். நம்மவர் இரண்டையும் பிரித்தறியாது 'ஜவ்வு' என்றும் 'நரம்பு' என்றும் வழங்குகின்றனர். நரம்பு வேறு, அது உணர்ச்சியையும் மூளையின் ஏவலையும் கொண்டு செல்வது. தசைநாணோ வில்லின் நாண் போன்றது. தசை சுருங்கும்போது நாண் எலும்பை இழுக்கிறது, பாதம் அசைகிறது. நாண் அறுந்தால் தசை எவ்வளவு சுருங்கினும் பாதத்துக்கு அவ்விசை போய்ச் சேராது.

கணுக்காலின் உட்புறத்தில் மூன்று நாண்களும், வெளிப்புறத்தில் இரண்டும், முன்புறத்தில் சிலவும் இறங்குகின்றன. பின்புறத்தில் கெண்டைக்காலிலிருந்து குதிகால் எலும்புக்கு இறங்குவது எல்லாவற்றிலும் பெரியது. கெண்டை மீன் போன்ற சதைக்கு நம் முன்னோர் கெண்டைக்கால் என்று பெயரிட்டனர். அம்மீனின் வாலே இந்நாண் என்று கொள்ளலாம். மேல்நாட்டார் இதனை அக்கிலீஸ் நாண் என்பர். கிரேக்கர் கதையில் அக்கிலீஸ் என்னும் வீரனை அவன் தாய் குழந்தைப் பருவத்தில் குதிகாலைப் பிடித்துத் தெய்விக ஆற்றில் தோய்த்தாள். நீர் படாத அவ்விடத்தில் அம்பு பட்டு அவன் மாண்டான். நம் புராணத்திலும் கண்ணபிரானுக்கு முடிவு வந்தது பாதத்தில் பட்ட வேடன் அம்பினால் அன்றோ? ஓடும்போது உடலின் எடையைப் போல ஆறு ஏழு மடங்கு பாரத்தை இந்நாண் தாங்குகிறது. எனினும் குதிகாலுக்கு மேல் 2 முதல் 6 சென்டிமீட்டர் வரையிலுள்ள பாகத்தில் இரத்த ஓட்டம் குறைவு. அது அறுவது பெரும்பாலும் அங்கேதான்.

ஓர் உதாரணம் கொள்வோம். நாற்பது வயதுள்ள ஒருவர் அலை வாங்கும் சமயம் பார்த்துப் படகைத் தள்ளக் காலை உந்துகிறார். பின்னங்காலில் யாரோ கட்டையால் அடித்தது போன்ற உணர்ச்சி. சில வேளை 'டப்' என்ற ஓசையும் கேட்கும். திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. கீழே அமர்கிறார்; சற்று நேரத்தில் எழுந்து நொண்டி நொண்டி நடக்கவும் செய்கிறார். பாதத்தை மேலும் கீழும் அசைத்துக் காட்டுகிறார். "நடக்கிறார், அசைக்கிறார், ஆகையால் ஒன்றும் அறவில்லை" என்று சுற்றத்தார் முடிவு கட்டுகின்றனர். இங்கேதான் ஏமாற்றம் நிகழ்கிறது. பெருநாண் முற்றும் அறுந்தாலும், விரல்களை மடக்கும் சிறு நாண்கள் பாதத்தைச் சிறிது கீழ்நோக்கி அசைக்கவல்லன. ஆகவே அசைவு இருப்பது நாண் முழுதாயிருப்பதற்குச் சாட்சியாகாது. பெருநாண் அறுவுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதற்பார்வையில் தவறிப்போகின்றது என்று வைத்திய நூலோர் நெடுநாளாக எச்சரித்து வருகின்றனர்.

இதற்கு ஒரு காசும் செலவில்லாத பரீட்சை ஒன்று உண்டு. 1957-ல் சிம்மண்ட்ஸ் என்பவரும் 1962-ல் தாம்சன் என்பவரும் அதனை வெளியிட்டனர். நோயாளியைக் கட்டிலில் குப்புறப் படுக்கவைத்துப் பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கும்படி செய்து, கெண்டைச் சதையைக் கையால் அழுத்த வேண்டும். நாண் முழுதாயிருந்தால் பாதம் தானே கீழ்நோக்கி அசையும். அறுந்திருந்தால் அசையாது. நல்ல காலையும் அவ்வாறே அழுத்தி ஒப்பிட்டால் வேற்றுமை கண்கூடாகும். இப்பரீட்சையை டாக்டரே செய்தல் நன்று. ஆனால் இது செய்யப்படாமலே 'சுளுக்கு' என்று அனுப்பப்பட்டால், "கெண்டைச் சதையை அழுத்திப் பார்த்தீர்களா, ஐயா?" என்று பணிவோடு கேட்பதில் குற்றமில்லை.

உட்புறத்து நாணின் கதை வேறு. அது ஒரே அடியில் அறுவதினும், மெல்ல மெல்ல நைந்து கிழிவதே பெரும்பான்மை. நடு வயதுக்கு மேற்பட்ட ஸ்திரீகளையும், நீரிழிவும் உடல் பருமனும் உள்ளவர்களையும் அது அதிகமாகத் தொடரும். உட்கணுவின் பின்னால் வலியும் வீக்கமும் தோன்றும். உள்ளங்காலின் வளைவு நாளடைவில் தாழ்ந்து பாதம் தட்டையாகும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்த இயலாது. நம் தாய்மார்கள் இதனை வயதின் கோளாறு என்றும் நின்று சமைத்த அலுப்பு என்றும் எண்ணி வருஷக்கணக்கில் மறைத்து வைக்கின்றனர். அவர்கள் சொல்லாததை வீட்டார் கேட்க வேண்டும். வெளிப்புறத்து நாண்களோ கால் உள்நோக்கி மடங்கும்போது கிழிபவை. பிணைப்பு நாரின் சுளுக்கும் அதே இடத்தில் வலிப்பதால், நாணின் கிழிவு அதன் நிழலில் மறைந்துவிடுகிறது. ஆறு வாரமாகியும் வெளிக்கணுவின் பின்னால் வலி தீராதிருந்தால் அது வெறும் சுளுக்கு என்று கொள்ளலாகாது.

இனி யந்திரங்களைப் பற்றிப் பேசுவோம். ராண்ட்ஜன் என்னும் ஜெர்மானியப் பண்டிதர் 1895-ல் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். நம் சென்னைப் பட்டினத்துப் பொது ஆஸ்பத்திரியில் 1934-லேயே பார்னார்டு பெயரால் கதிர் வைத்தியத்துக்கென்று ஒரு நிலையம் திறக்கப்பட்டது; அது மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து இன்றும் நடைபெறுகிறது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டுவதில் இணையற்றது. ஆனால் தசைநாண் அதன் கண்ணுக்குப் பெரும்பாலும் புலப்படாது. ஆகவே எக்ஸ்ரேயைக் குறை கூறுவதற்கில்லை. அதனிடம் கேட்கத்தகாத கேள்வியை நாம் கேட்பதே பிழை.

அக்கேள்விக்கு விடை தரவல்லது எம்.ஆர்.ஐ. என்று வழங்கும் காந்தப் படம். அணுவின் கரு காந்தப் புலத்தில் ரேடியோ அலைக்கு மறுமொழி கூறும் இயல்பைத் திரவத்திலும் திடப்பொருளிலும் 1946-ல் பிளாக், பர்செல் என்னும் இருவர் தனித்தனியே கண்டு 1952-ல் நோபல் பரிசு பெற்றனர். நோயுற்ற திசு வேறு விதமாக மறுமொழி கூறுகிறது என்று 1971-ல் டமேடியன் எழுதினார். அம்மறுமொழியிலிருந்து படம் வரையும் வழியை 1973-ல் லாட்டர்பர் காட்டினார். மான்ஸ்பீல்டு அதனை விரைவுபடுத்தினார். பின்னிருவருக்கும் 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1977-ல் மனித உடலை முதன்முதல் படமெடுக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் பிடித்தது. இன்று கணுக்காலுக்கு அரை மணி சுமார் போதும்.

அது வேலை செய்யும் விதம் யாதெனில், நம் உடலிலுள்ள நீரிலும் கொழுப்பிலும் ஹைட்ரஜன் அணுக்கள் நிறைந்துள்ளன. ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் உள்ள 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைப் போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல் வலியது. அதனுள் காலை வைத்தால் அந்த அணுக்கருக்களில் ஒரு பகுதி காந்தத்தின் திசையைச் சார்ந்து நிற்கும். ரேடியோ அலையால் தட்டினால் நிலை பெயர்ந்து, மீளும்போது மெல்லிய ஒலிபரப்புப் போன்ற அலையை வெளியிடும். அதனைக் கேட்டுக் கணக்கிட்டுப் படம் வரையப்படுகிறது. நல்ல தசைநாணில் நார்கள் நெருங்கி ஒழுங்காக முறுக்குண்டிருப்பதால் அங்குள்ள சிறிது நீரின் குரல் கணத்தில் அடங்கிவிடும். ஆகவே நாண் படத்தில் கரிய கயிறு போலத் தோன்றும். கிழிந்த இடத்தில் நீரும் இரத்தமும் புகுந்து வெண்மையாக ஒளிரும். கருங்கயிற்றில் வெண்கீற்று பாதி அகலம் ஓடினால் பாதிக் கிழிவு. கயிறு முற்றும் விட்டு நடுவில் வெண்வெளி தோன்றினால் முழு அறுவு. அவ்வெளி எத்தனை சென்டிமீட்டர் என்பதையும் அளந்து சொல்லலாம். சத்திரவைத்தியருக்கு அவ்வளவே பெரிய உதவி.

ஆனால் யந்திரமும் சில சமயம் பொய் சொல்லும் என்பதை அறிவது அவசியம். நாண் காந்தத்தின் திசைக்கு ஏறத்தாழ 55 பாகை சாய்ந்திருந்தால், கிழியாத நாணும் சில வகைப் படங்களில் வெண்மையாகத் தோன்றும். இதனை 'மாயக் கோணம்' என்பர். உட்கணுவையும் வெளிக்கணுவையும் சுற்றி வளையும் நாண்கள் இம்மாயத்துக்கு அடிக்கடி இலக்காகின்றன. தேர்ந்த டாக்டர் பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டி மறுபடி எடுத்தோ, வேறு வகைப் படத்தோடு ஒப்பிட்டோ உண்மையைக் காண்பார். வலியே இல்லாத கால்களிலும் வயதினால் நாண் சிறிது நைந்திருப்பது படத்தில் தெரிவதுண்டு. ஆதலால் படத்தாளில் 'கிழிவு' என்ற ஒரு சொல்லைக் கண்டு நடுங்கிக் கத்திக்குக் காலை நீட்டலாகாது. கை தொட்டுப் பார்த்ததும் படம் காட்டுவதும் ஒத்திருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். படத்துக்கு வைத்தியம் இல்லை, மனிதனுக்கே வைத்தியம்.

எல்லாச் சுளுக்குக்கும் இப்படம் வேண்டுமோ? வேண்டா. பின்னங்கால் பெருநாண் அறுந்ததைக் கைதேர்ந்த டாக்டர் அழுத்திப் பார்த்தும் தடவிப் பார்த்துமே துணிந்து சொல்லுவார். அப்போது படத்துக்குக் காத்திருந்து நாளைக் கழிப்பது நஷ்டமே. அல்ட்ராசவுண்டு பரீட்சையும் நாண்களை நன்கு காட்டும், செலவு குறைவு, காலை அசைத்தபடியே பார்க்கவும் இயலும். வீக்கத்தால் கைக்குத் தெளிவு கிட்டாதபோதும், பாதிக் கிழிவோ என்று சந்தேகம் தோன்றும்போதும், வாரக்கணக்கில் வலி நீடிக்கும்போதும், காலங்கடந்து வந்த அறுவுக்குச் சத்திர சிகிச்சை தீர்மானிக்கும்போதும் காந்தப் படம் மிக்க பயன் தரும்.

படத்துக்குச் செல்வோர் சில விஷயங்களை மறவாதிருத்தல் வேண்டும். எக்ஸ்ரேயில் உள்ள கதிர் இதில் இல்லை. ஆனால் காந்தம் எந்நேரமும் விழித்தேயிருக்கிறது. 2018 ஜனவரியில் மும்பை நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பிராணவாயு உருளையோடு அவ்வறைக்குள் சென்ற ஒருவர் காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிர் துறந்தார். இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், மூளையில் உலோகக் கவ்வி வைத்தவர்களும், காதில் யந்திரம் பதித்தவர்களும், வெல்டிங் வேலையில் கண்ணில் இரும்புத் துகள் பட்டவர்களும், கர்ப்பிணிகளும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். தாய்மார்கள் தாலிச் சரட்டில் கோத்த ஊக்கு, கொண்டை ஊசி, கொலுசு யாவற்றையும் கழற்ற வேண்டும். சிறிது நேரம் கழற்றுவதால் மங்கலத்துக்குக் குறைவு வராது. உள்ளே தட்டும் ஓசை பெரிதாயிருக்கும். அஞ்சாது அசையாமல் படுத்திருந்தால் படம் தெளிவாக விழும்.

செலவைப் பற்றிய அச்சம் நியாயமானதே. 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசினர் ஆஸ்பத்திரிகளில் ஸ்கேன் நிலையங்களை நடத்திக் குறிப்பிட்ட கட்டணத்துக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறது. இங்கிருந்து அதிக தூரமில்லாத ராயப்பேட்டை அரசினர் ஆஸ்பத்திரியிலும், சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசினர் பொது ஆஸ்பத்திரியிலும் எலும்பு வைத்தியப் பிரிவுகள் உண்டு. முதலில் அங்கே டாக்டரிடம் காலைக் காட்டுக. அவர் எழுதிக் கொடுத்த பின் படத்துக்குச் செல்லுக. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள் அது எவ்வளவுக்கு உதவும் என்று அங்கேயே விசாரித்துக் கொள்ளுக. சீட்டின்றித் தாமே ஸ்கேன் கடைக்குப் போய்ப் பணத்தைக் கட்டி, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைத் தேடுவது முறையன்று.

காலந்தாழ்த்தலே இதில் பெரும் பகை. புதிதாக அறுந்த பெருநாணுக்குப் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டோ பூட்ஸோ இட்டு, முறையான பயிற்சி கொடுத்தே பலரைக் கத்தியின்றிக் குணப்படுத்துகின்றனர். சிலருக்குத் தைப்பது நலம். இரண்டில் எது என்பதை வயதும் வேலையும் நோக்கி டாக்டர் சொல்லுவார். ஆனால் நான்கு வாரம் கடந்துவிட்டால் அறுந்த முனைகள் விலகிச் சுருங்கி, இடையில் வலிவற்ற வடு நிரம்பிவிடும். பிறகு செய்யும் சிகிச்சை பெரிது, பலனோ சிறிது. நம் நாட்டுக் கட்டு வைத்தியத்தை நாம் இகழவில்லை. புத்தூர்க் கட்டினால் எலும்பு கூடியவர்கள் நம்மில் உண்டு. ஆயினும் நாண் அறுந்ததோ என்ற சந்தேகம் தீருமுன் உருவுவதும் இழுப்பதும் கூடா. அறுந்த கயிற்றை இழுத்தால் முனைகள் சேருமோ?

வருமுன் காப்பதற்கும் வழி உண்டு. வேலைக்கும் விளையாட்டுக்கும் முன் கெண்டைக்காலைச் சிறிது நேரம் பழக்கிக் கொள்ளுக. குதிகால் நாணுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் முதலிய மாத்திரைகள் நாணைப் பலவீனப்படுத்தி அறுக்கக்கூடும் என்று 2008-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் கடும் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. அறுபது வயது கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு உட்கொள்வோருக்கும் அபாயம் அதிகம். காய்ச்சல், பேதி என்றவுடன் மருந்துக்கடையில் சீட்டின்றி அவற்றை வாங்கி விழுங்கும் வழக்கத்தை நம் வீடுகள் விட்டொழிக்க வேண்டும்.

யாவரும் அறிந்த ஒரு சான்றைக் கூறுவோம். கிரிக்கெட் வீரர் முகம்மது ஷமி 2023-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் 24 விக்கெட்டுகள் வீழ்த்தினார். குதிகால் நாணின் கோளாற்றுக்காக 2024 பிப்ரவரியில் இங்கிலாந்தில் அவருக்குச் சத்திர சிகிச்சை நடந்தது. அவர் மீண்டும் இந்தியாவுக்காக ஆடியது 2025 ஜனவரியில். சிறந்த டாக்டர்களும் பயிற்சியாளர்களும் சூழ்ந்திருந்த வீரருக்கே இத்தனை காலம் பிடித்ததென்றால், வெந்நீர் ஒத்தடத்தோடு மறுநாளே கடலுக்குப் போகிறவருடைய கால் என்ன ஆகும் என்பதைச் சிந்திக்க வேண்டுகிறோம். அவருக்கு ஓய்வுக் காலத்தில் சம்பளம் உண்டு. நம்மவர் பலருக்கு இல்லை. ஆகையால் காலம் தவறாமல் கண்டறிய வேண்டிய அவசியம் அவரைவிட நமக்கே அதிகம்.

அங்கத்தினர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்று உண்டு. ஒரு குடும்பத்தில் உழைப்பவர் கால் ஒடிந்து கிடந்தால் அக்கம்பக்கத்தார் அரிசி கொடுத்து உதவுவது நம் பழைய தர்மம். அதனினும் முந்திய உதவி, கால் மடங்கிய முதல் வாரத்திலேயே ஒருவர் துணை சென்று அவரை ஆஸ்பத்திரி வரிசையில் நிறுத்துவது. "ஒரு நாள் கூலி போய்விடுமே" என்று தயங்குகிறவருக்கு அந்த ஒரு நாள் கூலியைத் தெருவார் கூடிக் கொடுத்தால், ஆறு மாதக் கூலி பிழைக்கும். இது பெரிய திட்டமன்று, இன்றிரவே தொடங்கக்கூடியது.